நானூறு டாலர் கைமாற்று

அமெரிக்கா விடுதலையை அறிவித்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரசியல் சாசனம்கூட இன்னும் எழுதப்படவில்லை. ‘அமெரிக்கா’ என்றே பெயர் கொண்ட கப்பல் ஒன்று 1784 நவம்பர் 15 அன்று ஃபிலடெல்ஃபியா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் மேத்யூ கேரியும் ஒருவர். வயது 24. கைக்குழந்தையாக இருந்தபோது செவிலித்தாய் தவறவிட்டதால் ஒரு கால் ஊனம். கையில் சொற்பப் பணம். புதிய ஊரில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு பதிப்பகம் இந்த மனிதரிடமிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய பதிப்பகம் என்று 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை அது பெருமை பேசிக்கொண்டிருந்தது. தொடங்கும்போது அதனிடம் சொந்தப் பணம் இல்லை, சொந்தப் புத்தகமும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு வெற்றியின் உச்சியில் இருந்தபோதும் அது விற்றதில் பெரும்பகுதி பிறர் எழுதி, பிறர் பதிப்பித்த சரக்குதான். அமெரிக்கப் பதிப்புத் தொழிலின் பிள்ளைப்பருவத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை கிடைக்காது.

டப்ளினில் ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் கேரி. அப்பாவுக்கு விருப்பமில்லாமலே அச்சுத் தொழில் கற்றுக்கொண்டார். அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் மீது பிரிட்டிஷ் சட்டங்கள் போட்டிருந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து 1779இல் ஒரு சிறுநூல் எழுதினார். நூல் வெளிவரும் முன்பே எதிர்ப்பு கிளம்ப, வீட்டார் அவரைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அவருக்கு வேலை கொடுத்தவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். அமெரிக்கத் தூதராக இருந்த ஃப்ராங்க்ளின், பஸ்ஸி என்ற இடத்தில் சிறிய அச்சகம் ஒன்றை வைத்திருந்தார். அமெரிக்கப் போரில் கலந்துகொண்ட பிரெஞ்சுப் பிரபு லஃபாயெத்தை கேரி சந்தித்ததும் பாரிசில்தான்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1783இல் சொந்தப் பத்திரிகை தொடங்கி நாடாளுமன்றத்தையும் அதன் தலைவர்களையும் தாக்கினார். அவதூறு வழக்கு, நியூகேட் சிறை. வெளியே வந்ததும் மறுபடி வழக்கு வரும் என்று தெரிந்து, பெண் வேடமிட்டுக் கப்பலேறினார். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் ஃபிலடெல்ஃபியா.

அந்த நேரத்தில் லஃபாயெத் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். பாரிசில் பார்த்த பையன் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு அழைத்துப் பேசினார். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, பத்திரிகை நடத்துவேன் என்றார் கேரி. மறுநாள் காலை, தங்கியிருந்த இடத்துக்கு ஓர் உறை வந்தது. உள்ளே நூறு டாலர் நோட்டுகள் நான்கு. நன்றி சொல்ல ஓடியபோது லஃபாயெத் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார். கொடுத்தவர் அதை அன்பளிப்பாகவே கொடுத்தார். வாங்கியவர் கைமாற்றாகக் கணக்கில் வைத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1824இல் முதிர்ந்த வயதில் லஃபாயெத் மீண்டும் அமெரிக்கா வந்தபோது, கேரி அந்த நானூறு டாலரைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பணத்தில் வாங்கிய முதல் சாமான் பழைய அச்சு இயந்திரம் ஒன்று. தாமஸ் பெய்னின் ‘காமன் சென்ஸ்’ சிறுநூலை 1776இல் அச்சிட்ட ராபர்ட் பெல்லின் இயந்திரம் அது. பெல் இறந்துபோனதால் ஏலத்துக்கு வந்தது. எலிசர் ஆஸ்வால்ட் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், போட்டிக்கு ஒருவன் முளைக்கிறானே என்று ஏலத்தில் விலையை ஏற்றிவிட, கேரியின் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே கரைந்தது. இருவரின் பகை பத்திரிகைப் பக்கங்களில் வளர்ந்து, 1786 ஜனவரியில் துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது. குண்டு கேரியின் தொடையில் பாய்ந்தது. ஏற்கெனவே நொண்டிய மனிதர், தேறி எழ ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தபால்காரர் மூடிய பத்திரிகை

1787 ஜனவரியில் ‘அமெரிக்கன் மியூசியம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். புதிதாக எழுதி வாங்கிப் போடுவதைவிட, நாடெங்கும் வெளியான நல்ல கட்டுரைகளையும் ஆவணங்களையும் எடுத்துத் தொகுத்துப் போடும் இதழ். அந்த ஆண்டு உருவான அரசியல் சாசனத்தின் முழு வாசகமும் அதில் வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பாராட்டிக் கடிதம் எழுதினார். பெரிய மனிதர்கள் பலர் சந்தாதாரர்கள். ஆனால் சந்தாப் பணம் வந்துசேர்வதுதான் அரிதாக இருந்தது. சாலைகள் மோசம், சந்தாதாரர்கள் சிதறிக் கிடந்தார்கள், வசூலுக்கு ஆள் அனுப்பினால் வசூலைவிடச் செலவு அதிகம். 1792இல் வந்த தபால் சட்டம் செய்தித்தாள்களுக்குச் சலுகைக் கட்டணம் தந்தது, மாத இதழ்களுக்குத் தரவில்லை. அந்த ஆண்டோடு இதழ் நின்றது.

என் கணிப்பில், பதிப்பாளர் கேரி உருவானது இந்தத் தோல்வியில்தான். எழுதுவதும் அச்சடிப்பதும் அவருக்குக் கைவந்த கலை. அச்சிட்டதை முந்நூறு மைல் தள்ளியிருக்கும் ஒருவர் கையில் கொடுத்து, அவரிடமிருந்து காசு வாங்குவதுதான் தொழில் என்று அவர் கற்றது இங்கேதான்.

இதழ் நடந்துகொண்டிருந்தபோதே, 1790இல், அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க விவிலியத்தை அச்சிட்டிருந்தார். நம் பதிப்பகங்கள் நடத்தும் முன்வெளியீட்டுத் திட்டம் போலத்தான்: பாதிரியார்கள் வழியாக முன்கூட்டியே ஆட்களைச் சேர்த்து, அதை நம்பி அச்சில் ஏற்றினார். கத்தோலிக்கர்கள் சிறுபான்மையாக இருந்த நாட்டில் துணிச்சலான முதலீடு. லாபம் பெரிதாக இல்லை. விவிலியம் எப்படி விற்கும் என்ற பாடம் மட்டும் கிடைத்தது.

1793இல் ஃபிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. அப்போது நாட்டின் தலைநகரமே அந்த ஊர்தான். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் ஐயாயிரம் பேர்வரை மாண்டார்கள். அரசு ஊரைக் காலி செய்தது. நிவாரணக் குழுவில் இருந்த கேரி, கொள்ளைநோயின் சூடு ஆறும் முன்பே அதைப் பற்றி ஒரு சிறுநூலை எழுதி அச்சிட்டார். பதிப்புமேல் பதிப்பு ஓடியது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த கறுப்பின மக்களில் சிலர் அநியாயக் கூலி கேட்டார்கள், திருடினார்கள் என்று அதில் எழுதியிருந்தார். கறுப்பினத் தலைவர்களான அப்சலோம் ஜோன்சும் ரிச்சர்ட் ஆலனும் 1794இல் சூடாகப் பதில் நூல் வெளியிட்டார்கள். குழுவில் பெயர் கொடுத்துவிட்டு இடையில் ஊரைவிட்டுப் போனவர், இந்தத் துன்பத்தை எழுதி விற்றே பணம் பார்த்தவர் என்று கேரியையே திருப்பிக் கேட்டார்கள். இன்று வரலாற்றில் நிற்பது அவர்கள் நூல்தான். கேரியின் வேகத்துக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

வண்டியில் வந்த பாதிரியார்

1790களின் நடுவில் கேரி அச்சு வேலையைக் கைவிட்டார். அச்சுக்கூலியை மற்றவர்களுக்குக் கொடுத்து, எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, எந்தத் தாள், எங்கே விற்பது என்பதை மட்டும் தான் முடிவு செய்தார். அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு என்ற பிரிவினை அமெரிக்காவில் தெளிவாகத் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

எங்கே விற்பது? இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவர் மேசன் லாக் வீம்ஸ். ஆங்கிலிக்கன் பாதிரியார். ஊழியம் சோறு போடாததால் புத்தகம் விற்கக் கிளம்பியவர். வண்டி நிறையப் புத்தகங்களோடு மேரிலாந்து, வர்ஜீனியா, கரோலினா, ஜார்ஜியா என்று சுமார் முப்பது ஆண்டுகள் சுற்றினார். நீதிமன்றம் கூடும் நாள், தேர்தல் நாள், திருவிழா, சந்தை, எங்கே கூட்டம் சேர்ந்தாலும் வீம்சின் வண்டி நிற்கும். பிரசங்கம் செய்வார், ஃபிடில் வாசிப்பார், கடைசியில் புத்தகம் விற்பார். 1825இல் தென் கரோலினாவில் பயணத்திலேயே இறந்தார்.

வீம்சுக்கும் கேரிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இன்றும் கிடைக்கிறது. பதிப்பாளரும் விற்பனையாளரும் காலங்காலமாகப் போடும் எல்லாச் சண்டையும் அதில் உண்டு. விற்காத இறையியல் தொகுதிகளை என் தலையில் கட்டுகிறீர்கள் என்பார் வீம்ஸ். படம் போட்ட, விலை குறைந்த, படிக்க ருசியான புத்தகம் அனுப்புங்கள், காட்டில் வாழும் விவசாயிகூட வாங்குவான் என்று கெஞ்சுவார். கணக்கு எங்கே, பணம் எங்கே என்பார் கேரி. சந்தையின் நாடி வீம்சுக்குத்தான் தெரிந்திருந்தது. வாஷிங்டன் 1799 டிசம்பரில் மறைந்த சூட்டோடு, அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போட்டால் அள்ளிக்கொண்டு போகும் என்று கேரியிடம் சொன்னார். கேரி முதலில் பிடிகொடுக்கவில்லை. வீம்ஸ் தானே எழுதி வெளியிட்டார். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, அப்பாவிடம் பொய் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொள்ளும் கதை நம் பள்ளிப் பாடங்கள்வரை வந்திருக்கிறதே, அது 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வீம்ஸ் நுழைத்தது. ஆதாரம் ஏதுமில்லாத கதை. புத்தகத்தின் ஓட்டத்தைப் பார்த்தபின் கேரி ஆயிரம் டாலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டார். விற்றுவிட்டோமே என்று வீம்ஸ் கடைசிவரை புலம்பினார்.

வீம்சின் வண்டியில் எப்போதும் விற்ற சரக்கு விவிலியம். இம்முறை புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் விவிலியம். கேரி கத்தோலிக்கர்தான். ஆனால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லையே. அந்தக் காலத்தில் எழுத்துகளைக் கோத்து சில பக்கங்களை அச்சடித்ததும், ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட்டு அடுத்த பக்கங்களைக் கோப்பார்கள். எழுத்து விலை அதிகம், அச்சகத்தில் இருப்பதோ குறைவு. முழு விவிலியத்தையும் பிரிக்காமல் அப்படியே கோத்து வைக்க வேண்டுமென்றால், டன் கணக்கில் ஈயத்தில் பணத்தைப் புதைக்க வேண்டும். 1801இல் நியூயார்க் அச்சாளர் ஒருவரிடமிருந்து அப்படிக் கோத்துவைத்த பள்ளி விவிலியத்தின் எழுத்துகளை மொத்தமாக வாங்கினார் கேரி. சில ஆண்டுகளில் பெரிய அளவுக் குடும்ப விவிலியத்துக்கும் அதேபோல் எழுத்தை நிறுத்திவைத்தார். பிறகென்ன, தேவைப்படும்போது தேவையான பிரதி. படம் சேர்த்து ஒரு விலை, வரைபடம் சேர்த்து ஒரு விலை, தோல் கட்டு ஒரு விலை என்று ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து பல வகை விவிலியங்கள் வெளிவந்தன. இன்று ஆர்டர் வந்ததும் பத்துப் பிரதி அச்சடித்துத் தரும் டிஜிட்டல் அச்சகத்தாரிடம் சொன்னால், உடனே புரிந்துகொள்வார்.

நாவல்களிலும் அவருக்குக் கை ராசி. சூசன்னா ரோசன் என்ற நடிகை எழுதி லண்டனில் வெளியான ‘ஷார்லட் டெம்பிள்’ நாவலை 1794இல் அமெரிக்காவில் வெளியிட்டார். ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றிருக்கும் என்று 1812இல் ஆசிரியருக்கே கடிதம் எழுதினார் கேரி. அந்த எண்ணிக்கை பல பதிப்பாளர்கள் போட்டுத் தள்ளியதையும் சேர்த்து. முதலில் லண்டனில் வெளியான நூல் என்பதால் அமெரிக்கச் சட்டப்படி யாரும் அச்சிடலாம். ரோசனுக்கு அதனால் பணம் ஏதும் பெரிதாக வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே கேரி கடனிலேயே வாழ்ந்தார். தாள்காரருக்கு உண்டியல், கட்டுக்காரருக்கு உண்டியல், அதை மாற்ற வங்கி, வங்கிக்குக் கட்ட வேறொருவரிடம் கைமாற்று. பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், பிறருடைய கடன் பத்திரங்களுக்குக் கையெழுத்துப் போட்டு இழந்ததைத் தன் பெரிய மடமையாகச் சொல்லி வருந்துகிறார். நாடு முழுவதும் புத்தக வியாபாரமே இப்படிக் கடனில் ஓடியதால், ஜெர்மனியின் லைப்சிக் சந்தை போல ஆண்டுக்கு ஒருமுறை பதிப்பாளர்கள் கூடி, புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றிக்கொண்டால் என்ன என்று யோசித்தார். 1802இல் நியூயார்க்கில் முதல் புத்தகச் சந்தை கூடியது. கேரி தன் மகன் ஹென்றியையும் அழைத்துப் போனார். எட்டு வயதுச் சிறுவன் வியாபாரிகளோடு நின்று பேரம் பேசியதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சந்தை சில ஆண்டுகளில் படுத்தது. சிற்றூர்ப் பதிப்பாளர்கள் மட்டமான தாளில் அச்சடித்ததைக் கொண்டுவந்து, நகரத்தாரின் நல்ல புத்தகங்களோடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சரக்கு மாற்றில் தரம் பார்க்க ஆளில்லை என்றால் அப்படித்தான்.

இருபத்தெட்டு மணி நேரம்

1821இல் கேரியின் மகளை ஐசக் லீ மணந்தார். மகனும் மருமகனும் பொறுப்பேற்க, மூத்தவர் ஒதுங்கிப் பொருளாதாரப் பிரசுரங்கள் எழுதத் தொடங்கினார். பெயர்ப்பலகை கேரி அண்ட் லீ ஆனது. இருவரும் விசித்திரமான இணை. ஹென்றி கேரி பிற்காலத்தில் நாடறிந்த பொருளாதார அறிஞரானார். ஐசக் லீ ஆற்றுச் சிப்பிகளை ஆராய்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தவர். சிப்பியும் புத்தகமும் அவருக்குச் சமம்.

பிரிட்டிஷ் நூல்களை முந்தி அச்சிடும் பந்தயம் இவர்கள் காலத்தில்தான் உச்சம் தொட்டது. 1790இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் நாட்டில் வாழ்பவர்களுக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. வெளிநாட்டு நூலை அச்சிடத் தடையில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே வால்டர் ஸ்காட்டின் புது நாவல் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் கடைக்குக் கொண்டுவந்தவருக்கு லாபம், இரண்டாவதாக வந்தவருக்குக் குப்பை. கேரியும் லீயும் லண்டனில் முகவர் வைத்து, நாவல் அங்கே வெளியாகும் முன்பே அச்சுத் தாள்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தாள் வரும் கப்பலுக்குத் துறைமுகத்தில் காத்திருப்பார்கள். வந்ததும் பல அச்சகங்களுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, இரவெல்லாம் கோத்து, அடித்து, கட்டி அனுப்புவார்கள். 1823இல் ஸ்காட்டின் ‘க்வென்டின் டர்வர்ட்’ கைக்கு வந்த 28 மணி நேரத்தில் 1,500 பிரதிகள் அனுப்பத் தயாராக இருந்தன என்று கடிதத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

1829இல் ஹென்றியின் தம்பி எட்வர்ட், ஆபிரகாம் ஹார்ட்டோடு சேர்ந்து தனி நிறுவனம் கண்டார். 1836இல் புல்வர் லிட்டனின் ‘ரியென்சி’ நாவல் ஒரே கப்பலில் இவர்களுக்கும் நியூயார்க் ஹார்ப்பர் சகோதரர்களுக்கும் வந்தது. புத்தகத்தைப் பன்னிரண்டு அச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கட்டி முடிந்த 500 பிரதிகளை நியூயார்க்குக்கு எப்படிக் கொண்டுபோவது? தபால் வண்டியின் இருக்கைகள் அத்தனையையும் வாடகைக்கு எடுத்து, பயணிகளுக்குப் பதிலாகப் புத்தகங்களை ஏற்றி, தாங்களும் ஏறிப் போனார்கள். ஹார்ப்பரின் சொந்த ஊரிலேயே ஹார்ப்பருக்கு முன்னால் புத்தகம் விற்பனைக்கு வந்தது.

இந்த அடிபிடியில் சொந்த நாட்டு எழுத்தாளர் என்ன ஆனார்? நன்றாக ஓடியவருக்கு நன்றாகவே கொடுத்தார்கள். ஃபெனிமோர் கூப்பரின் ‘மொஹிக்கன்களில் கடைசி ஆள்’ நாவலை 1826இல் வெளியிட்டபோது 5,000 டாலர் தந்தார்கள். ஓடாதவர் நிலை வேறு. ஸ்காட்டைச் சும்மா அச்சடிக்க முடியும்போது, பெயரில்லாத உள்ளூர்க்காரருக்கு ஏன் பணம் தர வேண்டும்? 1839 இறுதியில், லீ அண்ட் பிளான்சர்ட் என்று பெயர் மாறியிருந்த நிறுவனம், எட்கர் ஆலன் போவின் முதல் சிறுகதைத் தொகுப்பை இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தது. 750 பிரதிகள். ஆசிரியருக்குச் சில இலவசப் பிரதிகள், பணம் இல்லை. லாபம் வந்தால் அது பதிப்பாளருக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து விரிவாக்கிய பதிப்புக்கு போ கேட்டபோது, பழையதே இன்னும் தீரவில்லை என்று பதில் வந்தது. துப்பறியும் கதையின் தந்தை என்று உலகம் கொண்டாடும் மனிதருக்கு.

வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் உரிமை கொடுக்க வேண்டும் என்று டிக்கன்ஸ் உள்ளிட்டோர் குரல் கொடுத்தபோது, 1853இல் அதை எதிர்த்து நூல் எழுதினார் ஹென்றி கேரி. கருத்துகள் யாருக்கும் சொந்தமல்ல, மலிவான புத்தகம் மக்களின் உரிமை என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குடும்பத்தின் சொத்து எப்படிச் சேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் மாற 1891 ஆயிற்று.

மனித உடலுக்குத் திரும்பிய கடை

1837இல் வந்த நிதி நெருக்கடியில் புத்தகக் கடைகள் வரிசையாகச் சரிந்தன. நாவல் பந்தயத்தில் மலிவு விலைப் போட்டி கழுத்தை நெரித்தது. மூத்தவர் மேத்யூ கேரி 1839இல் மறைந்தார். அடுத்த தலைமுறை இலக்கியத்தை மெல்ல விட்டு மருத்துவத்துக்கு மாறியது. ஃபிலடெல்ஃபியா மருத்துவக் கல்லூரிகளின் ஊர். மாணவருக்குப் பாடநூல் ஆண்டுதோறும் வேண்டும், ஃபேஷன் மாறாது, இரவோடிரவாகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். லண்டனில் 1858இல் வெளியான ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலை அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது இந்த நிறுவனம்தான். அந்தப் புத்தகம் நூறாண்டுக்கு மேல் அவர்களுக்குச் சோறு போட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ‘கிரே’, 1918இல் அவர்கள் வெளியிட்ட பதிப்பு.

ஐசக் லீயின் மகன் ஹென்றி சார்ல்ஸ் லீ, மத்திய கால மத விசாரணை நீதிமன்றங்களின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதினார். அது குடும்ப நிறுவனத்தில் வெளிவரவில்லை. வெளியிட்டவர்கள்? பழைய பகையாளிகளான ஹார்ப்பர் சகோதரர்கள்!

இந்தக் கடையின் மருத்துவ நூல்கள் தமிழிலும் கால் வைத்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவராக இருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். பாடநூல்கள் வேண்டுமே. கிரேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872இல் தமிழில் வந்தது. 1883இல் வந்த ‘மனுஷ சுகரணம்’ என்ற உடலியல் நூலுக்கு மூலம், ஜான் டால்டன் எழுதி 1859இல் ஃபிலடெல்ஃபியாவில் அப்போது பிளான்சர்ட் அண்ட் லீ என்று பெயர் கொண்டிருந்த இதே நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட நூல். நியூயார்க்கில் கொண்டுபோய் முதலில் விற்கப் போராடிய குடும்பத்தின் சரக்கு, அரை நூற்றாண்டுக்குள் யாழ்ப்பாணத்து மாணவர் கையில் தமிழாக இருந்தது.

1908இல் நிறுவனம் லீ அண்ட் ஃபெபிகர் ஆனது. 1985இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. ஐந்து ஆண்டுகளில் பால்டிமோர் மருத்துவப் பதிப்புக் குழுமம் ஒன்றிடம் கைமாறி, தனிப் பெயரை இழந்தது. ஆனால் மேத்யூ கேரியின் கணக்குகள் தப்பின. தாள் வாங்கியது, அச்சுக்கூலி கொடுத்தது, கட்டுக்காரர் பாக்கி என்று அவர் துண்டுச் சீட்டைக்கூட எறியாத மனிதர். அமெரிக்கப் பதிப்புத் தொழில் எப்படி இயங்கியது என்று ஆய்வாளர்களுக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்த ரசீதுகளிலிருந்து வந்தது. அவை இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரிலுள்ள அமெரிக்கத் தொல்பொருள் கழகத்தில். மானிப்பாய் மருத்துவர் கிரீனுக்கும் வூஸ்டர்தான் சொந்த ஊர்.